திருத்தணிக்கு முன் ஒரு சைலன்சர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருத்தணிக்குக் கிளம்ப வேண்டும். மகள் ஆதிரைக்கு மொட்டை. அவளுக்குப் பதினான்கு மாதம். இதற்காகத்தான் மஸ்கட்டிலிருந்து அவளும் நானும் மந்தைவெளிக்கு, என் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தோம். கணவருக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு ரத்தாகிவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள என் தம்பி வேலூரிலிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை மாலை வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மாமா தபால் துறையில் ஓய்வு பெற்றவர். அத்தை போனபின் தனியாக இருக்கிறார். அவரிடம் பத்தொன்பது வயதான ஒரு சிறிய கார் இருக்கிறது. பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. நாங்கள் வருவதாகச் சொன்ன நாளிலிருந்து தினமும் அதைத் துடைத்து வைத்திருந்தாராம். திருத்தணிக்கு டாக்சி வைத்துக்கொள்ளலாமா என்று என் கணவர் போனில் கேட்டதற்கு, “நம்ம வண்டி என்ன தள்ளிட்டுப் போற நிலைமையிலா இருக்கு?” என்று மாமா பேச்சை முடித்துவிட்டார்.

நான் மஸ்கட்டிலிருந்து ஸ்ட்ரோலரையும் கொண்டுவந்திருந்தேன். பெரியது, நல்லது, மடக்கினாலும் பெரியது. டிக்கியில் வைத்தால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாமா கவலைப்படவில்லை. கொடிக்கயிறு எடுத்துவந்து, முப்பது வருடம் பார்சல் கட்டிய கையால் பின்கதவை இறக்கி ஒரு முடிச்சு போட்டார். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

திங்கள் மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாமா மாங்காய் போட்ட சுண்டல் வாங்கிக் கொடுத்தார். ஆதிரை மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். எப்படியும் போகப்போகிற முடிதானே என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது திரு.வி.க. பாலத்தின்மேல் வண்டிகள் ஊர்ந்தன. ஏசி ஓடியது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எனக்கு நெற்றி கனத்தது. மெல்லிய புகை வாசனை வந்தது. ஆற்று நாற்றத்தோடு கலந்திருந்ததால் முதலில் புரியவில்லை. ஆதிரை குழந்தை இருக்கையில் தூங்கிப்போயிருந்தாள். வீடு வந்ததும் தூக்கினேன், விழிக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். எத்தனை நொடி ஆனது என்று தெரியாது. கண்ணைத் திறந்து, என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டு, பிறகு அழுதாள்.

மஸ்கட்டில் இவளைத் தூங்கவைக்க ஒரு மணி நேரம் தோளில் போட்டு நடக்க வேண்டும். இங்கே வந்த எட்டு நாளில் எப்போது இந்தக் காரில் ஏறினாலும் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். பாட்டி இல்லாத வீட்டில் இதுவாவது கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். தூங்காத நாளில் அடையாறு வரை ஒரு சுற்று போய்வரலாமா என்று நானே இரண்டு முறை மாமாவைக் கேட்டிருக்கிறேன்.

நான் வேதியியல் படித்தவள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் என்ன செய்யும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதற்கு வாசனை கிடையாது. உடன் வருகிற புகைக்குத்தான் உண்டு. அந்த வாசனையை எட்டு நாளாக ஊரின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. “வண்டி சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கே மாமா, ஒருமுறை காட்டிடலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. மாமா காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஷபீர் பாயின் ஷெட்டுக்கு எங்களுக்கு முன்பே போனார். இரண்டு தெருதானே, நாங்கள் நடந்து வருகிறோம் என்று சொல்லி ஆதிரையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அவளை அந்தக் காரில் ஏற்றாமலிருக்க வேறு காரணம் தோன்றவில்லை. மஸ்கட் கடற்கரை நடைபாதையில் ஒற்றை விரலால் தள்ளிய வண்டி அது. மந்தைவெளியில் நடைபாதை தொடங்குகிற இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், முடிகிற இடத்தில் ஓர் இளநீர் வண்டி, நடுவில் மெட்ரோ வேலைக்குப் போட்ட தகரத் தடுப்பு. பாதி தூரம் குழந்தையை இடுப்பிலும் வண்டியைக் கையிலுமாகத் தூக்கிப்போனேன்.

பாய் காரை ஏற்றிவைத்து அடியில் டார்ச் அடித்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்பக்கம் தொங்கிய சைலன்சர் முழுக்கத் துரு. ஏற்கெனவே இரண்டு இடத்தில் வெல்டிங் ஒட்டு. மூன்றாவதாக ஓரிடத்தில் என் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை.

“சார் இத்த ரெண்டு வாட்டி ஒட்டிகினு போனாரு. இனிமே ஒட்ட இதுல தகரம் கீதா இன்னா? துருதான் கீது.”

“இன்னொரு தடவை ஒட்டினா தாங்காதா?” என்று மாமா கேட்டார்.

“தாங்கும் சார். திருத்தணி போற வரைக்கும் தாங்கும். திரும்பி வர்றப்போ முருகனைத்தான் கேக்கணும்.”

நான் மெதுவாக, புகை உள்ளே வருமா என்று கேட்டேன். பாய் வண்டியை எடுத்து ஆர்.ஏ.புரம் வரை ஒரு சுற்று போய்வந்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, வெளியேதான் போகிறது என்றார். மாமாவும் தனியாக ஓட்டும்போது எதுவும் வந்ததில்லை என்றார். இருவரும் என் மூக்கைப் பார்த்தார்கள். எனக்கே என் மூக்கின்மேல் சந்தேகம் வந்தது. ஆனாலும் புதிது மாற்றிவிடலாம் என்றேன். மாமா கார் கூரையில் இல்லாத தூசியைக் கையால் துடைத்தபடி, “உன் இஷ்டம்மா” என்றார். அந்த மூன்று சொல் அன்று முழுக்க என்னோடு வந்தது. அது மூன்றா, இரண்டா என்று எண்ணிப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

பாய் மூன்று வழி சொன்னார். கம்பெனி ஒரிஜினல், ஆர்டர் போட்டால் வர பத்து நாள். லோக்கலில் செய்த புதிது, இன்றே கிடைக்கும், ஆனால் சில கடைகளில் தகடு மெல்லிசு. அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினல், கனமாக இருக்கும், ஆனால் உள்ளே எப்படி என்று யாருக்கும் தெரியாது.

மதியம் ஆட்டோவில் அடையாறில் குழந்தை மருத்துவரிடம் போனேன். மெட்ரோ வேலைக்கு நேர்வழியை அடைத்திருந்ததால் ஓட்டுநர் எங்கெங்கோ சுற்றினார். “இந்த ரோடு நேத்து இருந்துச்சுக்கா” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மருத்துவர் ஆதிரையின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மார்பைக் கேட்டார். அவர் மேசையிலிருந்த மணியை அவள் பிடுங்கினாள். இப்போது நன்றாக இருக்கிறாள் என்றார். அந்த விரல் கருவி கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது என்றும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, “சரி பண்ற வரைக்கும் அந்த வண்டில ஏத்தாதீங்கம்மா. சரி பண்ணியாச்சுன்னு உங்களுக்கே நம்பிக்கை வரணும்” என்றார். அந்தக் கடைசி வரிதான் எனக்குச் சிக்கல். எதிலும் எனக்கு நம்பிக்கை வருவதற்கு நாளாகும்.

புதன்கிழமை ஆதிரையை முதன்முறையாக மாமாவிடம் விட்டுவிட்டு, பாய் ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்த மாடல் விவரத்தோடு, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு போனேன். மஸ்கட்டில் டீக்கடை முன் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தால் டீ நம்மைத் தேடி வரும். இங்கே கடையின் வாசலில் நின்று என் பக்கம் யாராவது திரும்புவார்களா என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே ஆண்கள், மேலே பம்பர்கள், கீழே டயர்கள். ஒருவர், “வூட்டுக்காரர் வரலியாமா?” என்று கேட்டார். மஸ்கட்டில் இருக்கிறார் என்றேன். அங்கிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கலாமே என்றார் பக்கத்திலிருந்தவர். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பழைய ஒரிஜினலை முதலில் காட்டினார்கள். பாய் சொல்லியனுப்பியபடி இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கினேன். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. வைத்துவிட்டேன். புதியதில் ஒன்றை விரல் முட்டியால் தட்டினேன், எவர்சில்வர் டப்பா மாதிரி கணீரென்றது. அது மெல்லிசு. அடுத்த கடையில் ஒன்றைத் தட்டினேன், ‘டொக்’ என்று அடங்கியது. மூட்டுகளில் வெல்டிங் சீராக ஓடியிருந்தது. மறுபடி முதல் கடைக்கு வந்து முதலில் தட்டியதையே தட்டினேன். மூன்றாவது முறை போனபோது கடைக்காரர், “அது மிருதங்கம் இல்லமா” என்றார். ‘டொக்’ என்றதையே வாங்கினேன். வாங்கிய நொடியில், பத்து நாள் காத்திருந்து ஒரிஜினலே வாங்கியிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. பத்து நாளில் நாங்கள் மஸ்கட் திரும்பியிருப்போம்.

ஆட்டோவில் சைலன்சரின் வால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, பீரங்கி எடுத்துகினு யார் மேல படையெடுப்பு?” என்று கேட்டார். என் ஓட்டுநர், “உன் மேலதான், வழிய வுடு நைனா” என்றார்.

வழியில் தி.நகரில் இறங்கினேன். மொட்டைக்குப் பின் போட ஆதிரைக்குப் பருத்திக் கவுன் வாங்க வேண்டியிருந்தது. துணிக்கடை வாசலில் காவலாளி சைலன்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விதியை யோசித்தார். கடைசியில் பைகள் வைக்கிற கவுண்டரில் அதை வாங்கி வைத்து, நாற்பத்தேழாம் எண் டோக்கன் கொடுத்தார்கள். இரண்டு தோல்பைகளுக்கு நடுவே அது நின்றது. மேலே கவுன் பார்த்துக்கொண்டிருந்தபோது யாராவது எடுத்துப்போய்விடுவார்களோ என்று பயந்து, நிறம்கூடச் சரியாகப் பார்க்காமல் இறங்கி ஓடிவந்தேன். வாங்கிய கவுன் இரண்டு அளவு பெரியது.

வீட்டில் ஆதிரை மாமாவின் கண்ணாடிக் கூட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தயிர்சாதம் ஊட்டிவிட்டதாகச் சொன்னார். சைலன்சரை ஹாலில் வைத்தேன். அவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நல்ல கனம் என்றார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் புது சைலன்சர் ஏறியது. பாய் இணைப்பில் புகை கசியாமலிருக்கப் புது கேஸ்கட் வைத்து, தொங்கவிடும் ரப்பர்களையும் மாற்றினார். வண்டி பூனை மாதிரி ஓடியது. நானும் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று போனேன். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வாசனை இல்லை. பாய் கொடுத்த இஞ்சி டீயும் சமோசாவும் அவ்வளவு ருசியாக இருந்ததற்குக் காரணம் டீ மட்டுமில்லை. மாமாகூட, “மாத்தினது நல்லதுதாம்மா” என்றார்.

மாலை ஐந்து மணிக்கு மயிலாப்பூர் மாடவீதிக்குக் கிளம்பினோம், தட்டு, பழம், சந்தனம் வாங்க. மாமா ஸ்ட்ரோலரை ஏற்றி, கயிற்றைக் கட்டினார். ஆதிரையை இருக்கையில் பூட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிடம் எனக்கு நெற்றி கனத்தது. கற்பனை என்று சொல்லிக்கொண்டேன். ஏழாவது நிமிடம் வாசனை வந்தது. ஆதிரையின் கண் சொருகியது.

“மாமா, நிறுத்துங்க.”

“இங்கயா? பின்னாடி பஸ் வருதும்மா.”

“நிறுத்துங்க மாமா.”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. வண்டி நின்றதும் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். பஸ் ஹார்ன் அடித்தது. நடுத்தெருவில் அவள் முகத்தில் ஊதினேன். சிணுங்கினாள், நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் முழுவதையும் கொட்டினேன்: எட்டு நாளாகத் தூங்கியது, திங்கட்கிழமை விழிக்காதது, மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும், ஒரு பூக்கடைக்காரம்மா கேட்டுக்கொண்டிருக்க. மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கேட்டார். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பாய் ஷெட்டுக்குப் போனார். நான் குழந்தையோடு ஆட்டோவில் பின்னால் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாய் காரின் பின்னால் நின்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா இது? தினம் இப்டியா கட்டிகினு போறீங்க?”

ஆமாம் என்றேன். ஸ்ட்ரோலர் உள்ளே முழுதாகப் போகாது என்றேன்.

அவர் உள்ளே போய், கல்லாவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த ஊதுபத்திகளில் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கண்ணாடியெல்லாம் ஏற்றினார். பின் இருக்கையில் என்னை உட்காரச் சொல்லி, ஊதுபத்தியை ஸ்ட்ரோலர் பக்கம், பின்கதவு மூடாத அந்த ஒரு சாண் இடைவெளிக்கு உள்ளே பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவரே ஓட்டினார். மாமா ஷெட் வாசலில் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

வண்டி வேகமெடுத்ததும் புகை வளைந்தது. வெளியே போகும் என்று நினைத்தேன். அது உள்ளே வந்தது. ஒரு நூல் மாதிரி நீண்டு, குழந்தை இருக்கையின் முதுகைத் தாண்டி, அவள் தலை இருக்கும் இடத்தில் பிரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே பாய் அடுத்த தெருவுக்கும் திருப்பினார். எங்கே திருப்பினாலும் அது அங்கேதான் போனது.

ஓரத்தில் நிறுத்தி, ஸ்ட்ரோலரை இறக்கி முன்சீட்டில் திணித்து, பின்கதவைச் சாத்தினார். மறுபடி ஓட்டினார். இப்போது புகை நேராக மேலே எழுந்தது.

“வண்டி ஓடுறப்போ பின்னாடி காத்து இழுக்கும்மா. தொறந்து கீற எடத்துல பூந்துடும். கீழ சைலன்சர் புகைய வுடுது, மேல நீங்க கதவு தொறந்து வா வான்றீங்க. எந்த சைலன்சர் போட்டாலும் புகை வரத்தான் செய்யும்.”

அப்படியென்றால் புது சைலன்சர் வீணா என்று கேட்டேன்.

“வீணுன்னு யார் சொன்னா? பழசு ஓட்டை. மாத்தித்தான் ஆவணும். ஆனா கொயந்த தூங்கினது அதால மட்டும் இல்ல.” பிறகு, “நீயும் பயந்துகினு இருந்தல்ல, மொதல் நாளே இந்தக் கயித்தக் காட்டி இருந்தின்னா அஞ்சு நிமிச வேலை” என்றார். அவர் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வந்ததை நான் கவனித்தேன். திட்டு வாங்குவது சற்று ஆறுதலாக இருந்தது.

முதல் நாள் அந்த ஸ்ட்ரோலர் ஷெட்டில் என் பக்கத்திலேயே நின்றது. அதில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரோலர் காரில் இல்லாமல் பின்கதவு மூடியிருந்ததால்தான் பாய்க்கும் மாமாவுக்கும் வாசனை வரவில்லை.

ஷெட் வாசலில் இறங்கினேன். மாமா கேட்காமலேயே சொன்னேன், சைலன்சர் மட்டுமில்லை, என் ஸ்ட்ரோலர்தான் என்று. அவர் ஆதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் தலை வலிச்சுதும்மா, நீங்க வண்டில வர்ற அன்னிக்கெல்லாம். வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருக்கலாமே மாமா.”

“அந்தக் குழந்தை வண்டிய நீ அவ்ளோ தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்திருக்கே. இங்க விட்டுட்டுப் போகலாம்னு எனக்குத் தோணுச்சு, ஆனா எப்படிச் சொல்றது? அப்புறம் குழந்தையைக் கூட்டிட்டு வரத் தயங்குவியோன்னு இருந்துது.” பிறகு மெல்லிய குரலில், “அந்த முடிச்சு நான்தானே போட்டேன்” என்றார்.

நானும் அவருடைய காரைப் பற்றி அதே மாதிரி ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். நடுத்தெருவில் கத்தியதில் அதைச் சொல்லிவிட்டதாகவே தோன்றியதால் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கியபோது மாமா காரைத் துடைத்து வைத்திருந்தார். ஸ்ட்ரோலர் வீட்டுக்குள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. கொடிக்கயிறு மொட்டைமாடிக்கே திரும்பிப் போயிருந்தது. டிக்கியைச் சாத்தினேன். மறுபடி திறந்து சாத்தினேன். மாமா பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் வந்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

கிளம்பும் முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, வண்டியைத் தெருமுனை வரை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். புகை நேராக எழுந்தது. காலையில் கிளம்புகிற பூஜை என்று எதிர்வீட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும், அங்கிருந்தே கும்பிட்டார்.

பூந்தமல்லி தாண்டியதும் இட்லி சாப்பிட நிறுத்தினோம். ஆதிரை சாம்பாரில் கை விட்டாள். மறுபடி இருக்கையில் பூட்டியதும் முதுகை வில்லாக வளைத்து அழ ஆரம்பித்தாள். திருவள்ளூரில் அழுதாள். ரயில்வே கேட்டில் அழுதாள். பொம்மையை எறிந்தாள், என் கண்ணாடியை எறிந்தாள், மாமாவின் பின்தலையில் பிஸ்கட் எறிந்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். தூங்கவே இல்லை.

தண்ணீர் வேண்டுமோ, பசிக்கிறதோ என்று மாமா ஓட்டிக்கொண்டே கேட்டபடி இருந்தார். ஏதாவது பாடிப் பாரேன் என்றார்.

“வேணாம் மாமா,” என்றேன். “அழட்டும்.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சட்டைக் காலரிலிருந்து பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டுக்கொண்டார். மலை தெரிகிறவரை அவள் அழுகையைத் தவிர வண்டிக்குள் வேறு சத்தமில்லை.